மிளகாய் அரைத்த கல்

எங்கள் மாலை வகுப்பில் ஒரு அக்கா படிக்கிறார். வீட்டு வேலைக்குப் போகிறவர். ஒருநாள் வகுப்பு முடிந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"தம்பி, ஒண்ணு கேட்கணும். சிரிக்கக் கூடாது" என்றார்.

"கேளுங்க அக்கா."

"டைனோசருன்னு ஒரு மிருகம் நெசமாவே இருந்துச்சா? இல்ல, டி.வி.க்காரங்க செஞ்ச பொம்மையா? என் பையன் தினமும் கேட்கிறான். எனக்குச் சொல்லத் தெரியல. 'போம்மா, உனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு சொல்லிட்டான்."

நான் சிரிக்கவில்லை. எனக்கும் அப்போது பாதிதான் தெரியும். பள்ளியில் ஒரு பாடம் படித்தேன். பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டேன்.

எங்கள் வகுப்பு நடப்பது அகமதாபாத்தில், மணிநகர்ப் பக்கம். மில் வேலைக்காகப் பல ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்த தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பகுதியில் உண்டு. எங்கள் ஊரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தூரத்தில் பாலசினோர் என்ற சிறிய நகரம் இருக்கிறது. அதன் பக்கத்தில் ரையோலி என்று ஒரு கிராமம். அங்கே டைனோசர் மியூசியம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அதைத் திறந்தார்கள்.

"பேசிக்கொண்டிருப்பதைவிட நேரில் போய்ப் பார்த்துவிடலாம்" என்று முடிவு செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கிளம்பினோம்.

"மியூசியம்னா, செத்த காலேஜுதானே?" என்று கேட்டார் ஒரு பாட்டி. அவர் வட ஆற்காட்டுக்காரர். சென்னை எழும்பூர் மியூசியத்தை அந்தக் காலத்து மக்கள் 'செத்த காலேஜ்' என்றுதான் சொல்வார்கள். மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்' என்று பெயர்.

"ஆமாம் பாட்டி. இதுவும் செத்த காலேஜ்தான். ஆனால் இங்கே இருப்பவை செத்து ஆறரைக் கோடி வருஷம் ஆகிறது" என்றேன்.

"கோடியா!" என்றார் பாட்டி. நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

பஸ்ஸில் ஒரு கணக்கு

கோடி என்று வாயால் சொல்லிவிடலாம். மனதில் பிடிப்பது கஷ்டம். பஸ்ஸில் போகும்போதே ஒரு கணக்குப் போட்டோம். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடாவைப் பார்த்திருப்பீர்கள். அதில் மிகச் சிறிய கோடுகள் இருக்கும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் உள்ள தூரம் ஒரு மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டரை ஒரு வருஷம் என்று வைத்துக்கொள்வோம்.

பாட்டிக்கு எழுபது வயது. அப்படியானால் அவர் வாழ்ந்த காலம் ஏழு சென்டிமீட்டர். ஒரு விரல் நீளம்.

குஜராத்தில் லோத்தல் என்ற பழைய ஊர் இருக்கிறது. சிந்துவெளி மக்கள் கட்டிய ஊர். அதற்கு வயது சுமார் 4,400. நம் நாடாவில் அது நாலரை மீட்டர்கூட இல்லை. நாங்கள் போன பஸ்ஸின் பாதி நீளத்துக்குள் அடங்கிவிடும்.

நம்மைப் போன்ற மனிதர்கள் பூமியில் தோன்றி சுமார் மூன்று லட்சம் ஆண்டு ஆகிறது. அது 300 மீட்டர். ஒரு தெருக்கோடி வரை நடந்துவிட்டு வரும் தூரம்.

டைனோசர்கள் அழிந்தது சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. நாடாவில் எவ்வளவு வரும் தெரியுமா? 66 கிலோமீட்டர்! பாலசினோர் போகும் வழியில் முக்கால்வாசி தூரம்.

பாட்டி ஜன்னல் வழியாக வெகு நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "ஏம்ப்பா, இவ்வளவு தூரமுமா?" என்று நடுவில் ஒரு முறை கேட்டார்.

சினிமாவில் மனிதனை டைனோசர் துரத்துகிறது. அது கற்பனை. டைனோசரை எந்த மனிதனும் உயிரோடு பார்த்ததில்லை. அது இருந்த காலத்தில் நாம் இல்லை.

அப்படியானால் எப்படித் தெரிந்தது?

யாரும் பார்க்கவில்லை. பிறகு எப்படித் தெரிந்தது? அக்காவின் பையன்தான் இதைக் கேட்டான். நல்ல கேள்வி.

எலும்பு சொன்னது. முட்டை சொன்னது.

ஒரு மிருகம் செத்தால் சதை அழுகிப்போகும். எலும்பும் வெயிலிலும் மழையிலும் கிடந்தால் மக்கிப்போகும். ஆனால் சில சமயம் செத்த உடனே வெள்ளம் வந்து மண்ணைப் போட்டு மூடிவிடும். அப்போது எலும்பு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். மேலே மேலே மண் சேரும். மண்ணில் தண்ணீர் ஊறும். அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு போன்ற உப்புகள் கரைந்திருக்கும். அவை எலும்பில் உள்ள நுண்ணிய துளைகளுக்குள் புகுந்து படியும்.

உப்புத் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, பார்த்திருக்கிறீர்களா? எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அதுபோல்தான். நம் பாத்திரத்தில் சில மாதங்களில் படிகிறது. மண்ணுக்குள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் படிந்துகொண்டே இருந்தது. கடைசியில் எலும்பு கல்லாகிவிட்டது. உருவம் மட்டும் எலும்பின் உருவம்தான். முட்டையும் அப்படியே கல்லானது. இதைப் புதைபடிவம் என்று சொல்வார்கள்.

இந்தியாவில் டைனோசர் எலும்பு முதலில் கிடைத்தது 1828-ஆம் ஆண்டு, ஜபல்பூரில். எடுத்தவர் ஸ்லீமன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி. வழிப்பறிக் கொள்ளைக்காரர்களான தக்கர்களை ஒடுக்கியவர் என்று சரித்திரப் பாடத்தில் வருவாரே, அவர்தான். அவர் கையில் எடுத்தபோது அது என்ன எலும்பு என்று அவருக்குத் தெரியாது. 'டைனோசர்' என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. 1842-ல்தான் ரிச்சர்டு ஓவன் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி அந்தப் பெயரை வைத்தார். 'பயங்கரப் பல்லி' என்று அதற்குப் பொருள்.

ரையோலியில் பார்த்தது

மியூசியத்தில் பெரிய பெரிய டைனோசர் உருவங்களைச் செய்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு சின்னக் குழந்தை அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டது. தொட்டால் விவரம் காட்டும் டி.வி. திரைகள் இருக்கின்றன. படமும் காட்டுகிறார்கள். 2022-ஆம் ஆண்டு இன்னொரு பகுதியும் கட்டித் திறந்தார்கள். பிள்ளைகளை அங்கிருந்து வெளியே கொண்டுவருவதுதான் எங்களுக்குப் பெரிய வேலையாக இருந்தது.

இங்கே முக்கியமானவர் ஒரு ராஜா. ராஜாசாரஸ் என்று பெயர். இது வெளிநாட்டு டைனோசர் அல்ல. இந்த ரையோலி மண்ணில் கிடைத்த எலும்பிலிருந்து கண்டுபிடித்தது. 1980-களின் தொடக்கத்தில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்தவர்கள் இங்கே எலும்புகளைத் தோண்டி எடுத்தார்கள். எந்த எலும்பு எந்த இடத்தில் கிடந்தது என்று வரைபடமும் போட்டு வைத்தார்கள். அந்த வரைபடம் பிறகு மிகவும் உதவியது. இந்திய விஞ்ஞானிகளும் அமெரிக்க விஞ்ஞானிகளும் சேர்ந்து எலும்புகளைப் பொருத்திப் பார்த்தார்கள். 2003-ஆம் ஆண்டு 'ராஜாசாரஸ் நர்மதென்சிஸ்' என்று பெயர் வைத்தார்கள். நர்மதைக் கரை ராஜாப் பல்லி என்று நாம் சொல்லலாம்.

தலையில் கட்டையான ஒற்றைக் கொம்பு. பின்னங்கால் இரண்டில் நடக்கும். கறி தின்னும். மூக்கிலிருந்து வால் நுனி வரை 20 அடியிலிருந்து 30 அடி வரை இருந்திருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். எங்கள் தெருவில் நின்றால் இரண்டு வீட்டு வாசலை அடைத்துக்கொள்ளும்.

பிள்ளைகளுக்குப் பிடித்தது பொம்மைகளும் படமும்தான். எனக்குப் பிடித்தது வெளியே இருந்தது. பக்கத்திலேயே வேலி போட்ட பெரிய பூங்கா. பூங்கா என்றதும் பூச்செடி இருக்கும் என்று நினைக்காதீர்கள். கல்லும் முள்ளும் புல்லும்தான். பார்த்தால் நம் ஊர்ப் பொறம்போக்கு நிலம் மாதிரி இருக்கிறது.

வழி காட்டியவர் ஒரு பாறையின் முன் நின்றார். "இங்கே பாருங்கள்" என்றார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீரைப் பாறைமேல் ஊற்றினார். கல் நனைந்தது. மெதுவாக ஒரு வட்டம் தெரிந்தது. தேங்காய் அளவு வட்டம். அதன் ஓரத்தில் மெல்லிய கோடு.

அந்தக் கோடுதான் முட்டை ஓடு!

யாரும் பேசவில்லை. அக்கா குனிந்து, விரலை ஓட்டின் அருகில் கொண்டுபோனார். தொடாமல் எடுத்துக்கொண்டார்.

கழுத்து நீண்ட, இலை தழை தின்னும் பெரிய டைனோசர்கள் இட்ட முட்டைகள் இவை. அவ்வளவு பெரிய உடம்புக்கு முட்டை ஒரு சாண் அகலம்கூட இல்லை. தாய் மண்ணில் பள்ளம் பறித்து முட்டையிட்டு, மண்ணால் மூடிவிடும். முதலை செய்வது போல. மண்ணுக்குள் இருக்கும் குஞ்சுக்கு மூச்சு வேண்டுமே? அதற்காக ஓட்டில் நுண்ணிய துளைகள் உண்டு.

முட்டை தின்ன வந்த பாம்பு

இதே வட்டாரத்தில், தோலி துங்கிரி என்ற இடத்தில், ஒரு அதிசயம் கிடைத்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

1980-களில் தனஞ்சய் மொகாபே என்ற விஞ்ஞானி அங்கே ஒரு பாறையைக் கண்டார். அதில் முட்டைகள் இருந்தன. பக்கத்தில் சின்னச் சின்ன எலும்புகள். எல்லாம் டைனோசர் குஞ்சின் எலும்பு என்று முதலில் நினைத்தார்கள். பல ஆண்டு கழித்து, 2001-ல், ஜெஃப்ரி வில்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி அந்தப் பாறையை உற்றுப் பார்த்தார். சில எலும்புகள் டைனோசருடையவை அல்ல. பாம்பின் முதுகெலும்பு!

முழுக் கதையும் 2010-ல் வெளியானது. பாம்பின் நீளம் பதினோரு அடிக்கு மேல். உடைந்த முட்டையைச் சுற்றிச் சுருண்டு கிடக்கிறது. பக்கத்தில் அப்போதுதான் வெளிவந்த குஞ்சு. அதன் நீளம் ஒன்றரை அடி. பாம்பு குஞ்சைத் தின்ன வந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து மண் சரிந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. தின்ன வந்ததும் போச்சு, தின்னப்பட இருந்ததும் போச்சு. ஆறரைக் கோடி ஆண்டு அப்படியே கிடந்தது.

அந்தப் பாறையை யாராவது உடைத்து, முட்டையை மட்டும் எடுத்துப் போயிருந்தால்? பாம்பு இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.

மசாலா அரைத்தார்கள், சாமி கும்பிட்டார்கள்

பாலசினோர் பக்கத்து மக்களுக்கு இந்த உருண்டைக் கற்கள் புதியவை அல்ல. ஆனால் முட்டை என்று தெரியாது. பழைய பீரங்கிக் குண்டு என்று நினைத்தவர்களும் உண்டு.

பாலசினோர் பழைய நவாப் குடும்பத்தைச் சேர்ந்தவர் ஆலியா சுல்தானா பாபி. இந்த இடத்தைக் காப்பதற்காகப் பல ஆண்டுகளாக உழைப்பவர். ஒருமுறை அவர் ஒரு கிராமத்து வீட்டில் ஒரு கல்லைப் பார்த்தார். அந்த வீட்டுப் பெண் அந்தக் கல்லால் மசாலா அரைத்துக்கொண்டிருந்தார். உருண்டையாக, கைக்கு அடக்கமாக, நல்ல கனமாக இருந்த கல். அது டைனோசர் முட்டை! ஆலியா அதைக் கேட்டு வாங்கிப் பாதுகாத்தார்.

இதைக் கேட்டு எங்கள் கூட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"அந்தம்மா மேல என்ன தப்பு? யாராவது சொன்னாத்தானே தெரியும்?" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி என்று எனக்குப் பட்டது.

மத்தியப் பிரதேசத்தில் தார் என்ற மாவட்டம் இருக்கிறது. அங்கே சில குடும்பங்கள் உருண்டைக் கற்களைக் குலதெய்வமாகக் கும்பிட்டு வந்தார்கள். வயலையும் மாட்டையும் அந்தச் சாமி காக்கும் என்பது நம்பிக்கை. நிபுணர்கள் பார்த்து, அவை டைனோசர் முட்டை என்று சொன்னதாக 2023-ல் செய்தி வந்தது. கும்பிட்டவர்கள் அந்தக் கல்லை உடைக்கவில்லை, விற்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

அதே மாவட்டத்தில் விஞ்ஞானிகள் 92 கூடுகளை எண்ணினார்கள். அவற்றில் 256 முட்டைகள். இதுவும் 2023-ல் வெளியானது. எந்த முட்டைக்குப் பக்கத்தில் எந்த முட்டை இருந்தது, ஒரு கூட்டுக்கும் அடுத்த கூட்டுக்கும் எவ்வளவு தூரம் என்றெல்லாம் அளந்தார்கள். பல தாய்கள் ஒரே இடத்தில் கூடி முட்டையிட்டன என்று தெரிந்துகொண்டார்கள். முட்டைகள் இருந்த இடத்திலேயே இருந்ததால்தான் இதெல்லாம் தெரிந்தது. எடுத்து வந்து அலமாரியில் வைத்தால் அது வெறும் உருண்டைக் கல்தான்.

ரையோலியிலும் முன்பு வேலி கிடையாது. மாடு மேய்ந்தது. வந்தவர்கள் ஆளுக்கொரு கல்லை எடுத்துப் போனார்கள். போனது போனதுதான்.

நம் ஊரில் தொலைந்தது

நம் தமிழ்நாட்டிலும் டைனோசர் எலும்பு கிடைத்திருக்கிறது. அரியலூர்ப் பக்கம் கல்லமேடு என்ற இடம். 1980-களில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு விஞ்ஞானிகள் அதைப் பற்றி எழுதினார்கள். மிக மிகப் பெரிய எலும்புகள். உலகத்திலேயே பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்று பேச்சு எழுந்தது.

ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. அவை மிகவும் நொறுங்கும் நிலையில் இருந்தன. ஈரமும் காற்றும் பட்டு உதிர்ந்து பொடியாகிவிட்டன. வரைந்த படமும் சில புகைப்படமும்தான் மிச்சம். அதை வைத்துக்கொண்டு உலக விஞ்ஞானிகள் இன்றும் வாதாடுகிறார்கள். எலும்பு இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும்.

அதற்காக உருண்டையான கல்லெல்லாம் டைனோசர் முட்டை என்று நினைத்துவிடாதீர்கள். 2020-ல் பெரம்பலூர் மாவட்டத்தில் குளம் தோண்டும்போது உருண்டைக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் பரபரப்பு. விவரம் தெரிந்தவர்கள் வந்து பார்த்தார்கள். முட்டை இல்லை. கடலில் வாழ்ந்த, நத்தை போன்ற ஓடுடைய உயிரினத்தைச் சுற்றிப் படிந்த கல் என்றார்கள். அந்த ஊர் ஒரு காலத்தில் கடலாக இருந்திருக்கிறது! எனக்கு அது டைனோசரைவிடப் பெரிய செய்தியாகத் தோன்றியது.

உங்கள் ஊரில் கிணறு வெட்டும்போதோ கல் உடைக்கும்போதோ எலும்பு போலவோ முட்டை போலவோ ஏதாவது கண்ணில் பட்டால் என்ன செய்யலாம்? பெயர்த்து எடுக்க வேண்டாம். கழுவவோ சுரண்டவோ வேண்டாம். கையில் செல்போன் இருந்தால் அப்படியே ஒரு படம் எடுங்கள். அளவு தெரிவதற்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். பள்ளி ஆசிரியரிடம் காட்டுங்கள். பஞ்சாயத்துத் தலைவரிடமோ தாசில்தார் ஆபீசிலோ சொல்லுங்கள். மனு எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. இப்போது உங்களுக்கு எழுதத் தெரியுமே.

அவை ஏன் அழிந்தன?

திரும்பும்போது பஸ்ஸில் இதைத்தான் பேசிக்கொண்டு வந்தோம்.

வானத்திலிருந்து ஒரு பெரிய கல் பூமியில் விழுந்தது. அதன் அகலம் சுமார் பத்து கிலோமீட்டர். இன்றைய மெக்சிகோ நாட்டில் விழுந்தது. எழுந்த தூசியும் புகையும் உலகம் முழுவதும் சூரியனை மறைத்தன. செடி கொடி வாடியது. இலை தின்னும் மிருகம் பட்டினி கிடந்து செத்தது. அதைத் தின்னும் மிருகமும் செத்தது. அதே காலத்தில் நம் நாட்டில் எரிமலைக் குழம்பு பொங்கி, இன்றைய மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், குஜராத் பக்கமெல்லாம் பரவியது. எது எவ்வளவு காரணம் என்று விஞ்ஞானிகள் இன்னும் பேசுகிறார்கள். அந்தக் குழம்பு ஆறிப் பாறையானது. பாறை தேய்ந்து கரிசல் மண்ணானது. அந்த மண்ணில் பருத்தி விளைந்தது. அகமதாபாத் மில்லுக்கு வந்த பஞ்சில் அதுவும் உண்டு.

"அடேயப்பா, எங்க வீட்டுக்காரர் நெஞ்ச துணி வரைக்கும் வந்துட்டியே" என்றார் பாட்டி.

குஜராத்துக்கு வர முடியாதவர்கள் வேறு ஊரிலும் பார்க்கலாம். ஹைதராபாத்தில் பிர்லா அறிவியல் மியூசியத்தில் கோட்டாசாரஸ் எலும்புக்கூடு நிற்கிறது. கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பராபாசாரஸ் இருக்கிறது. 'பரா பா' என்றால் வங்காள மொழியில் பெரிய கால். கூடவே தாகூரின் பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இரண்டும் கோதாவரி நதிப் பக்கத்தில் கிடைத்தவை. ரையோலி ராஜாவைவிட மிகவும் மூத்தவை.

ரையோலிக்குப் போகிறவர்கள் காலையிலேயே கிளம்புங்கள். வெயில் கடுமையாக இருக்கும். தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பஸ் ஏறுவதற்கு முன் டீக்கடையில் நின்றோம். அங்கே ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது. அக்கா தன் பையனைக் கூப்பிட்டார்.

"அந்தக் கோழிக் காலைப் பாரு. செதில் செதிலா இருக்குதா? மூணு விரல் முன்னால நீட்டிக்கிட்டு இருக்குதா?"

"ஆமாம்மா."

"ரெண்டு கால்ல நடந்த டைனோசர்ல ஒரு வகைதான் மாறி மாறிப் பறவை ஆச்சாம். அது முழுசா அழியல."

பையன் கோழியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கேட்டான்.

"உனக்கு யாரும்மா சொன்னா?"

"உள்ளே இருந்தப்ப தம்பிகிட்ட கேட்டேன். சொன்னாரு" என்றார் அக்கா. "கிட்டப் போகாதே. கொத்தும்."